பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தில் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். மறுநாள் உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். அமெரிக்காவில் 2009-க்குப் பிறகு ஆஸ்துமா இன்ஹேலரின் விலை ஏறியதற்கும், ஏழைகளின் கைக்கு அது எட்டாமல் போனதற்கும் ஓசோன் சட்டமே காரணம் என்கிறீர்கள். வானத்து ஓட்டையை அடைக்கக் கிளம்பியவர்கள் மனிதனின் மூச்சுக்குழாயை அடைத்துவிட்டார்கள் என்கிறீர்கள். அங்கிருந்து ஒரே தாவலாகத் தாவி, சுற்றுச்சூழல் சட்டம் எதுவானாலும் அது ஏழைக்கு எதிரானதுதான் என்று தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள்.

விலை ஏறியது உண்மை. அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2009 பிப்ரவரியில் நாங்கள் நியூஜெர்சியில் இருந்தோம். மகளுக்கு ஆறு வயது. குளிர்காற்று கொஞ்சம் பட்டால் போதும், ராத்திரி இரண்டு மணிக்கு வீசிங் வந்துவிடும். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கி உள்வாங்கி வெளியே வரும். பேச முடியாமல் கையை மட்டும் நீட்டுவாள். அந்தக் கையில் நீல இன்ஹேலரை வைக்க வேண்டும். அன்று மருந்துக் கடையில், வழக்கமாக வாங்கும் மலிவான ஜெனரிக் இனி வராது, பிராண்டு மட்டும்தான் என்றார்கள். எங்கள் காப்பீட்டில் ஜெனரிக்குக்கு நாங்கள் கொடுத்த பங்கைப் போல மூன்று மடங்கு கேட்டார்கள். கொடுத்தோம், எங்களால் முடிந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்குக் காப்பீடு இல்லை. விலையைக் கேட்டார். இதிலேயே சின்ன அளவு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் மருந்துச் சீட்டைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெண்ணின் பெயரால்தான் நீங்கள் பேசுகிறீர்கள். அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். அவரிடமிருந்து பறித்தவர்களை விட்டுவிட்டு வேறு ஒருவரைக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள்.

நடந்தது என்ன என்று பார்ப்போம். பழைய இன்ஹேலரில் மருந்தை வெளியே தள்ளியது சிஎஃப்சி வாயு. அது மேல்வளிமண்டலத்துக்குப் போய் ஓசோனைத் தின்னும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974-லேயே சொன்னார்கள். 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேல் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 1987-ல் மான்ட்ரியால் ஒப்பந்தம் வந்தது. வளர்ந்த நாடுகளில் 1996-ன் தொடக்கத்தோடு சிஎஃப்சி உற்பத்தி நின்றது. ஆனால் ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் ஸ்ப்ரே டப்பாக்களுக்கும் அன்றே கதவைச் சாத்திய அதே ஒப்பந்தம், இன்ஹேலருக்கு மட்டும் அத்தியாவசியப் பயன்பாடு என்று விலக்கு கொடுத்தது. நோயாளிக்கு மாற்று கிடைக்கும்வரை காத்திருப்போம் என்பதுதான் அதன் பொருள். மொத்த சிஎஃப்சியில் இன்ஹேலரின் பங்கு துளிதான் என்று நீங்கள் ஏதோ கண்டுபிடித்ததுபோல எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துளியை உத்தேசித்துத்தான் அமெரிக்காவில் அந்த நீல சால்பூட்டமால் இன்ஹேலருக்கு 2008 டிசம்பர் 31 வரை அவகாசம் கிடைத்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம். இதையா இரக்கமற்ற அவசரம் என்கிறீர்கள்?

அந்த அவகாசத்தில் மாற்று வரவில்லையா? வந்தது. ஓசோனைத் தொடாத எச்எஃப்ஏ வாயுவில் இயங்கும் சால்பூட்டமால் இன்ஹேலருக்கு அமெரிக்காவில் 1996-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. அடுத்த எட்டு ஆண்டுகளில் இன்னும் இரண்டு பிராண்டுகள் வந்தன. ஆக, 2009-ல் மருந்துக்குப் பஞ்சம் இல்லை. கடையின் அலமாரி நிறைய இன்ஹேலர் இருந்தது. இல்லாமல் போனது மலிவான இன்ஹேலர். வேறு எங்கே சறுக்கியிருந்தாலும் விட்டுவிடுவேன். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதில்தான் உங்கள் கட்டுரை மொத்தமும் சாய்கிறது.

மலிவு ஏன் போனது? சால்பூட்டமால் 1969-ல் விற்பனைக்கு வந்த மருந்து. அதன் காப்புரிமை தீர்ந்து, 1990-களின் நடுவிலிருந்து ஜெனரிக் இன்ஹேலர் குறைந்த விலைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. வாயுவை மாற்றும்போது மருந்து மாறவில்லை. ஆனால் வாயுவோடு சேர்க்கும் முறை, வால்வு, பிளாஸ்டிக் கூடு, எத்தனை பஃப் மிச்சம் என்று காட்டும் எண்ணி என ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் காப்புரிமை வாங்கினார்கள். நாற்பது வயதான மருந்துக்குப் புதுச் சட்டை போட்டுப் புது விலை வைத்தார்கள். பழைய ஜெனரிக்குகள் தடையோடு வெளியேறின. புது ஜெனரிக்குகள் காப்புரிமை வேலிக்கு வெளியே நின்றன. தனியார் காப்பீடு உள்ளவர்களே இந்த இன்ஹேலருக்காக ஒரு மருந்துச் சீட்டுக்குக் கையிலிருந்து கொடுத்த தொகை 2004-ல் சராசரியாக 13.60 டாலர்; தடை வந்தவுடன் அது 25 டாலர் ஆனது. காப்பீடு இல்லாதவர் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் கட்டுரையில் காப்புரிமை என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன். ஒருமுறைகூட இல்லை.

இது தற்செயலாக விட்டுப்போகக்கூடிய விஷயம் இல்லை. 2005-ல் தடையை அறிவித்த அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ, காப்புரிமை இருக்கும்வரை மலிவு மாற்று வராது, நோயாளிகள் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று தன் கணக்கிலேயே எழுதி வைத்தது. தெரிந்தே செய்தார்கள். பழைய வாயுவை நிறுத்தும் தேதியைச் சட்டம் போட்டது. புதிய இன்ஹேலருக்கு இவ்வளவுக்கு மேல் விற்கக் கூடாது என்றோ, ஜெனரிக்குக்கு வழி விட வேண்டும் என்றோ ஒரு வரிகூடப் போடவில்லை. தடை சீக்கிரம் வர வேண்டும் என்று அன்று வாஷிங்டனில் முனைந்து நின்றவர்களில் புது இன்ஹேலர் வைத்திருந்த நிறுவனங்களின் கூட்டமைப்பும் உண்டு. உங்கள் கோபம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் நான் உங்களோடு நின்றிருப்பேன்.

போட்டி நிறுவனம் ஒன்று தயாரித்த முதல் எச்எஃப்ஏ ஜெனரிக்குக்கு 2020 பிப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. பதினோரு ஆண்டு! அதே ஆண்டு ஏப்ரலில் சிப்லா நிறுவனமும் ஆகஸ்டில் லூப்பின் நிறுவனமும் நுழைந்தன. அந்தப் பதினோரு ஆண்டும் கதவைத் தாழிட்டு வைத்திருந்தது எது என்று தெரிய வேண்டுமானால், 2024 டிசம்பரில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்ஹேலர் தயாரிக்கும் டெவா நிறுவனத்தின் வழக்கில் சொன்ன தீர்ப்பைப் படியுங்கள். எஃப்டிஏவின் ஆரஞ்சு புக் என்ற பட்டியலில் ஒரு காப்புரிமை ஏறிவிட்டால், ஜெனரிக் தயாரிப்பவர்மேல் வழக்குப் போட்ட மாத்திரத்தில் அவருக்கான அனுமதி 30 மாதம் வரை நின்றுபோகும். டெவா அந்தப் பட்டியலில் ஏற்றியிருந்த ஐந்து காப்புரிமைகள் கருவியைப் பற்றியவை, பஃப் எண்ணியைப் பற்றியவை. மருந்து மூலப்பொருளைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லை, பட்டியலிலிருந்து எடுங்கள் என்றது நீதிமன்றம். அந்த எண்ணியைப் பார்த்திருக்கிறீர்களா? இன்ஹேலரின் முதுகில் சுண்டுவிரல் நக அளவு ஜன்னல், உள்ளே நகரும் எண். நல்ல வசதிதான், நான் மறுக்கவில்லை. முன்பெல்லாம் டப்பாவைத் தண்ணீரில் மிதக்கவிட்டு எவ்வளவு மிச்சம் என்று குத்துமதிப்பாகப் பார்த்தவள் நான். ஆனால் அந்த ஜன்னலை வைத்து ஒரு நாட்டின் மலிவு மருந்தையே மறித்திருக்கிறார்கள்.

இன்னொரு சான்று. சுற்றுச்சூழல் சட்டம்தான் விலையை ஏற்றியது என்றால், அந்தச் சட்டம் தொடாத இன்ஹேலர் மலிவாக இருக்க வேண்டும் அல்லவா? காம்பிவென்ட் ரெஸ்பிமாட் என்று ஒன்று இருக்கிறது. அதில் வாயுவே கிடையாது, ஸ்பிரிங் விசையில் மருந்தைப் பனிபோலத் தெளிக்கும். ஓசோன் சட்டம் தடுக்கும் எதுவும் அதற்குள் இல்லை. அமெரிக்காவில் அதன் விலை 489 டாலராகவும் பிரான்ஸில் 7 டாலராகவும் இருந்தது. 2024 ஜனவரியில் பெர்னி சாண்டர்ஸ் தலைமையிலான செனட் குழு நான்கு இன்ஹேலர் நிறுவனங்களிடம் கடிதம் எழுதி விளக்கம் கேட்டபோது வைத்த கணக்கு இது. அதே கணக்கில் அட்வேர் எச்எஃப்ஏ என்ற இன்ஹேலர் அமெரிக்காவில் 319 டாலர், பிரிட்டனில் 26. பிரிட்டனும் மான்ட்ரியாலில் கையெழுத்திட்ட நாடுதான். அங்கும் சிஎஃப்சி போய்விட்டது, அங்கும் அதே வாயு. அட்லாண்டிக்கைத் தாண்டும்போது ஓசோன் மாறுகிறதா? அந்தக் கடிதம் போன இரண்டரை மாதத்துக்குள் நான்கில் மூன்று நிறுவனங்கள், நோயாளி மாதத்துக்கு 35 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று அறிவித்தன. எந்தச் சுற்றுச்சூழல் சட்டமும் அந்த இடைவெளியில் மாறவில்லை.

உங்கள் தரப்பில் வலுவாக நிற்கும் ஒரே உதாரணம் பிரைமட்டீன் மிஸ்ட். அதை நான் ஒளிக்க மாட்டேன். மருத்துவரின் சீட்டு இல்லாமல் அமெரிக்கக் கடைகளில் கிடைத்த ஒரே ஆஸ்துமா இன்ஹேலர் அது. 2011 கடைசியில் சிஎஃப்சி தடையால் நின்றுபோனது. மருத்துவரிடம் போகக் காசில்லாதவருக்கு அது இழப்புதான். ஆனால் புது வாயுவில் அது திரும்பி வர 2018 நவம்பர் ஆனதற்கும் ஓசோன் காரணமா? 2014-ல் எஃப்டிஏவின் நிபுணர் குழு அதற்கு எதிராக வாக்களித்தது. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் வாங்குபவர் அந்தக் கருவியைச் சரியாகப் பயன்படுத்த முடியுமா என்ற கேள்வி அங்கே எழுந்தது. அதில் இருந்த எபிநெஃப்ரினை ஆஸ்துமாவுக்கு மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதும் இல்லை. அந்த ஏழு வருஷத்தை அப்படியே தூக்கி ஓசோன் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

புது இன்ஹேலர் வேலையே செய்யவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதையும் நான் வீட்டுக்குள் பார்த்தவள். "அம்மா, இதுல ஒண்ணுமே வரல" என்று என் மகள் அழுதாள். பழைய சிஎஃப்சி தொண்டையில் சில்லென்று வந்து அறையும். புதியது மெதுவாக, சூடு தணிந்த ஆவிபோல வரும். அறை விழாததால் மருந்து போகவில்லை என்று தோன்றும், ஆனால் மருந்தின் அளவு அதேதான். துவாரம் அடைத்துக்கொள்ளும் என்பதால் பிளாஸ்டிக் கூட்டை வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். எங்களுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. மூன்றாவது மாதம் அடைத்துப்போய், ஒரு ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடிய பிறகுதான் அங்கிருந்த செவிலியர் கழுவிக் காட்டினார். சொல்லித்தராமல் விட்டது பெரிய தவறு. அதை மன்னிக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் அது வாயுவின் குற்றம் இல்லை.

2024 ஜனவரி முதல் ஃப்ளோவென்ட் நின்றதையும் உங்கள் பட்டியலில் சேர்த்திருப்பதைப் பார்த்தபோதுதான், நீங்கள் எதையும் விசாரிக்காமல் எழுதியிருக்கிறீர்கள் என்பது எனக்கு உறுதியானது. அமெரிக்கக் குழந்தைகள் லட்சக்கணக்கில் நம்பியிருந்த தடுப்பு இன்ஹேலர் அது. எந்தச் சுற்றுச்சூழல் சட்டமும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டில், விலையை ஏற்றிக்கொண்டே போகும் நிறுவனம் அரசுக்குத் திருப்பித்தர வேண்டிய தள்ளுபடிக்கு ஒரு உச்சவரம்பு இருந்தது. அந்த வரம்பு 2024 ஜனவரியில் நீங்கியது. அதே மாதம் ஃப்ளோவென்ட் பிராண்டு சந்தையிலிருந்து விலகியது. அதே மருந்து வேறு பெயரில் வந்தாலும் பல காப்பீட்டு நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை. பெற்றோர்கள் கடை கடையாக அலைந்தார்கள். அந்த அலைச்சலுக்கும் சட்டம்தான் காரணம் என்று நீங்கள் எழுதுவது, அவர்களை இரண்டாவது முறை ஏமாற்றுவது.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவும் சிஎஃப்சி தயாரித்த நாடுதான். மேட்டூரில் இருந்த ஆலையும் சேர்த்து நான்கு நிறுவனங்கள் தயாரித்தன. 2008 ஆகஸ்ட் 1-ல், கெடுவுக்குப் பதினேழு மாதம் முன்பே உற்பத்தியை நிறுத்தினோம். அடுத்த சில ஆண்டுகளில் இன்ஹேலர்களும் புது வாயுவுக்கு மாறின. இப்போது நான் திருச்சியில் இருக்கிறேன். இருநூறு பஃப் கொண்ட சால்பூட்டமால் இன்ஹேலரைத் தெருமுனை மருந்துக் கடையில் இருநூறு ரூபாய்க்குள் வாங்குகிறேன். ஒப்பந்தமும் ஒன்று, வாயுவும் ஒன்று. இங்கே பல நிறுவனங்கள் போட்டி போட்டுத் தயாரிக்கின்றன, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் அரசு உச்சவிலையும் வைத்திருக்கிறது. இங்கே எல்லாருக்கும் இன்ஹேலர் கிடைத்துவிட்டது என்று சொல்லவில்லை. பழகிப்போய்விடும் என்ற பயத்தில் குழந்தைக்கு சிரப்பே கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகள் என் தெருவிலேயே உண்டு. அது வேறு சண்டை, அதையும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் கட்டுரையை இப்படியே விட்டுவிட முடியாததற்குக் காரணம், அடுத்த மாற்றம் தொடங்கிவிட்டது. இன்றைய எச்எஃப்ஏ வாயு ஓசோனை விட்டுவைத்தாலும், பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டையாக்சைடைப் போல 1,300 மடங்குக்குக் குறையாதது. 2016-ன் கிகாலி உடன்பாட்டின்படி அதையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அமெரிக்கா 2020-ல் போட்ட சட்டம், முன்புபோலவே, இன்ஹேலருக்குத் தேவையான வாயுவைத் தனியாக ஒதுக்கித்தான் வைத்திருக்கிறது. மூச்சுக்குழாயை அடைக்க வந்த சட்டம் என்று நீங்கள் சொல்வது இப்படிப்பட்ட சட்டங்களைத்தான்.

அடுத்த தலைமுறை வாயுவில் இயங்கும் இன்ஹேலருக்கு 2025-ல் பிரிட்டன் அனுமதி கொடுத்தது. நுரையீரல் அடைப்பு நோய்க்கானது. அமெரிக்காவில் பிரெஸ்ட்ரி என்ற பெயரில் விற்கும் மருந்து. செனட் குழுவின் கணக்கில் பிரிட்டனில் 49 டாலர், அமெரிக்காவில் 645 டாலர் என்று இருந்ததும் இதே மருந்துதான். புதிய வாயுவுக்கு எத்தனை காப்புரிமை, எத்தனை ஆண்டு, என்ன விலை என்று இன்றைக்கே கேட்டாக வேண்டும். நீல இன்ஹேலரும் இதே பாதையில் வரப்போகிறது. மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டு போன அந்தப் பெண்ணைப் போல இன்னொருவர் அதே கவுன்டரில் நிற்கும்போது, உங்கள் கட்டுரையைப் படித்தவர்கள் யாரைத் திட்டுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?