ஏரிக் கன்னியும் வயல் கன்னியும்

கேள்வி: சம்பா நட்டு இருபது நாள் ஆகிறது. வயல் தண்ணீரில் பழுப்பு நிறத்தில் ஆறு கால் பூச்சிகள் ஊர்கின்றன. பக்கத்து நிலத்துக்காரர் குருணை தூவச் சொல்கிறார். தூவலாமா?
– வாசகர், மடுகரை

பதில்: அவசரப்பட வேண்டாம். நாலைந்தை அள்ளி, தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் விட்டுப் பாருங்கள். பெரிய கண்ணும், முதுகில் சிறகு முளைக்கும் தடிப்பும் இருந்தால் அது தட்டானின் இளம்பருவம். வால் நுனியில் மூன்று இலை போல விரிந்திருந்தால் ஊசித்தட்டான். இரண்டும் பயிரைத் தொடாது.

இந்தப் பருவத்துக்குப் பூச்சியியலில் ‘நயாடு’ என்று பெயர். பெயர் வந்தது கிரேக்கப் பழங்கதையிலிருந்து. அங்கே ஊற்று, ஓடை, ஆறு, ஏரி என்று நன்னீர் இருக்கும் இடமெல்லாம் ஒரு கன்னி குடியிருப்பாள், அவள்தான் நயாடு. கடலுக்கு வேறு கன்னிகள். ஹோமரின் ஒடிசியில், இத்தாக்கா தீவு மக்கள் தண்ணீர் எடுக்கும் ஊற்றின் மேல் இக்கன்னியருக்குப் பலிபீடம் இருக்கிறது. வழிப்போக்கர்கள் படையல் வைத்துவிட்டுப் போவார்கள். நம் பக்கம் ஏரிக்கரையில் ஏழு கல் நட்டுக் கன்னிமாருக்குப் பொங்கலிடுவது போலத்தான். உச்சிவேளையில் தனியாக ஏரிக்குப் போனால் கன்னிமார் பிடித்துக்கொள்வார்கள் என்று பிள்ளைகளை மிரட்டுவதும் உண்டல்லவா? அங்கேயும் குடத்தோடு ஊற்றுக்குப் போன ஹைலஸ் என்ற இளைஞனைக் கன்னிகள் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டார்கள் என்று கதை. ஆனால் நயாடுக்கு ஒரு விதி: அவள் உயிர் அந்த ஊற்றோடு கட்டுண்டது. ஊற்று வற்றினால் அவளும் மடிவாள்.

வயல் நயாடும் அப்படியே. சிறகு வரும்வரை தண்ணீரை விட்டு வெளியேற முடியாது. அதில் குருணை விழுந்தால் தப்ப வழியில்லை. உயிரோடு விட்டால் மடக்கி வைத்த கீழுதட்டைக் கை போல வீசிக் கொசுப்புழுவைக் கவ்வித் தின்னும். பிறகு ஒரு நாள் இரவில் நெல் தண்டில் ஏறித் தோலை உரித்துப் பறக்கும். காலையில் தூரில் ஒட்டியிருக்கும் வெற்றுத் தோலைப் பார்த்திருப்பீர்கள். பறக்கும் தட்டான் அந்துப்பூச்சியையும், ஊசித்தட்டான் தூருக்குள் புகுந்து தத்துப்பூச்சியையும் பிடிக்கும். மருந்தடித்த வயலில் புகையான் முன்னைவிட அதிகமாக வருவதற்கு, இப்படிப்பட்ட வேட்டைப் பூச்சிகளும் சிலந்திகளும் அழிவது ஒரு முக்கியக் காரணம்.

பக்கத்து நிலத்துக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். புகையான் பயம் இருந்தால் தூரை விலக்கி எண்ணிப் பார்க்கலாம். சிலந்தி இல்லாத வயலில் தண்டுக்கு 1 புகையான், குத்துக்கு 1 சிலந்தி இருக்கும் வயலில் தண்டுக்கு 2. அந்த அளவை எட்டிய பிறகு மருந்தைப் பற்றி யோசித்தால் போதும்.

மீன் குஞ்சு விடும் குட்டையில் மட்டும் நயாடு ஆகாது, குஞ்சையே தின்றுவிடும். குட்டையை வடித்துக் காயவிட்டு, புதுத் தண்ணீரை வலை கட்டி ஏற்றி, நாள் கடத்தாமல் குஞ்சு விடுங்கள்.