உலகம் பிறகு, ஊர் முதலில்

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, முடிவு தெரியாத இடங்களில் பகடை உருட்டி, வாய்ப்பேச்சிலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் ஆட்டம் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1974இல் அமெரிக்காவில் அச்சாகி வந்தது. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரைப் பார்த்தும், 2023இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ கணினி ஆட்டத்தை ஆடியும் இதன் பக்கம் வந்த இளைஞர்கள் பலர். மேசையைச் சுற்றி இருப்பவர்களில் ஒருவர் ‘டன்ஜன் மாஸ்டர்’ ஆக வேண்டும். மற்றவர்கள் வீரர்கள், இவரோ மழை, சந்தை, அரசன், பூதம் எல்லாம். கடையில் விற்கும் கதைப் புத்தகத்தை வாங்கி நடத்தலாம். ஆனால் இந்த வேலைக்கு முன்வருகிற ஆளுக்குப் பெரும்பாலும் சொந்தமாக ஓர் உலகம் படைக்கும் ஆசை இருக்கும். அப்படிப் படைப்பதை ‘ஹோம்பிரூ’ என்பார்கள். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். மூவாயிரம் ஆண்டு வரலாறு, தெய்வங்களின் வம்சாவளி, நான்கு கண்டங்களின் வரைபடம், இரண்டு நிலவுகளுக்கு ஏற்ற பஞ்சாங்கம் என்று நோட்டுப் புத்தகம் நிரம்பும். ஆட்டம் மட்டும் தொடங்காது. தொடங்கும் நாளில் உலகம் தேவையே இல்லை, ஓர் ஊர் போதும் என்பதே என் கட்சி. சோம்பலுக்குச் சொல்லும் சாக்கல்ல இது. இந்த ஆட்டத்தின் பெரிய உலகங்கள் பல அப்படித்தான் உருவாகியிருக்கின்றன.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பிறப்பதற்கு முன்பே, 1969இல், மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் ஒரு போர் விளையாட்டை நடத்தினார். நெப்போலியன் காலம், பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனையான ஜெர்மானிய ஊர். இரண்டு படைகள் மோதுவதற்கு முன் ஊருக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்ச நேரம் ஆடிப் பார்க்கலாம் என்று நினைத்து, ஊர்ப் பெரிய மனிதர்களின் வேடங்களை நண்பர்களுக்குக் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கத்தையும் கொடுத்தார். அவ்வளவுதான், கட்டுக்கடங்காமல் போயிற்று. ஒருவரை ஒருவர் தனியே அழைத்துப் பேரம் பேசினார்கள், சதி செய்தார்கள், சண்டை போட்டார்கள். திட்டமிட்ட போர் நடக்கவே இல்லை. ஆட்டம் தோற்றுவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ இன்னொரு முறை வேண்டும் என்றார்கள். பாத்திரமேற்று ஆடும் இந்த வகையின் விதை அங்கே விழுந்தது. வெஸ்லி திட்டமிட்டிருந்த போர் வீணாயிற்று. அன்றைய மாலையைத் தாங்கியது ஓர் ஊரும், அதற்குள் ஆளுக்கொரு ஆசையும்தான்.

அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன் 1971இல் ‘பிளாக்மூர்’ ஆட்டத்தைத் தொடங்கியபோது கையில் இருந்தது ஒரு கோட்டை, அதன் கீழே நிலவறைகள், பக்கத்தில் ஒரு சிற்றூர். அதைப் பார்த்துவிட்டு விஸ்கான்சினில் கேரி கைகாக்ஸ் தொடங்கிய ‘கிரேஹாக்’கும் ஒரு கோட்டையின் அடித்தளத்திலிருந்தே வளர்ந்தது. இருவரும் சேர்ந்து எழுதி 1974இல் வெளிவந்த முதல் விதிநூல், ஆட்டத்தை நடத்துபவர் முதலில் செய்ய வேண்டியது என்று சொல்வதும் அரை டஜன் நிலவறைத் தளங்களின் வரைபடங்களைத்தான். வெளியே இருக்கும் காட்டுக்கும் மலைக்கும்? அதற்கு இன்னொரு நிறுவனம் விற்றுக்கொண்டிருந்த ‘அவுட்டோர் சர்வைவல்’ என்ற பலகை விளையாட்டின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்! உலகையே இரவல் வாங்கலாம், முதல் மாலைக்கான இடத்தைத்தான் சொந்தமாகச் செய்ய வேண்டும் என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது. கிரேஹாக் உலகத்தின் முழு வரைபடமும் நாடுகளின் விவரமும் நூலாக வந்தது 1980இல்.

இதற்கு எதிராகச் சொல்லத் தகுந்த பெயர் எம்.ஏ.ஆர். பார்க்கர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிகளைக் கற்பித்த பேராசிரியர். சிறு வயதிலிருந்தே ‘டெக்குமெல்’ என்ற உலகத்தைக் கட்டி வந்தவர். அதன் மக்கள் பேசும் மொழிக்கு இலக்கணமும் எழுத்தும் செய்தவர். (புனைபெயரில் அவர் ஒரு நாஜி ஆதரவு நாவலும் எழுதியிருந்தது அவர் இறந்து பத்தாண்டு கழித்து 2022இல் உறுதியானது, மனிதரைப் புகழ்வது என் நோக்கமல்ல.) 1975இல் டெக்குமெல் உலகம் ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’ என்ற ஆட்டமாக வந்தது. உலகத்தை முழுதாகப் படைத்துவிட்டுத்தானே அவர் ஆட்டத்துக்கு வந்தார் என்று கேட்கலாம். வந்தார்தான். ஆனால் வீரர்களை எங்கே இறக்கிவிட்டார் என்று பாருங்கள். ஜக்காலா என்ற துறைமுக நகரத்தில், படகிலிருந்து இறங்கும் அந்நியர்களாக. மொழியின் நெளிவுசுளிவு தெரியாது, மரியாதைமுறை தெரியாது. அந்நியர் குடியிருப்பை விட்டு வெளியே போய் வாய் தவறினால் கழுமரம். பிழைப்புக்கு யாராவது வேலை தருவார்களா என்று அங்கேயே காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து ஆட்டங்களில் எதற்குமே இல்லாத அளவுக்கு விரிவான உலகத்தைக் கையில் வைத்திருந்தவர், தொடக்க நாளில் திறந்துவைத்தது ஒரு பேட்டையை மட்டும். அறியாமையையே ஆட்டத்தின் வாசலாக வைத்ததுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். கனடாவின் எட் கிரீன்வுட்டும் ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ உலகத்தைச் சிறுவயதிலேயே எழுதத் தொடங்கியவர்தான். அவரும் மிர்ட் என்ற கிழட்டு வணிகனைத் துறைமுகம் துறைமுகமாக ஓடவிட்டே அந்த உலகத்தின் கடற்கரையைக் கண்டுபிடித்தார்.

தமிழ் வாசகர் இன்னொரு கேள்வி கேட்பார். கம்பர் ஆற்றுப் படலம், நாட்டுப் படலம், நகரப் படலம் எல்லாம் பாடிவிட்டுத்தானே ராமனைப் பிறக்க வைக்கிறார்? நியாயமான கேள்வி. காவியத்தைக் கேட்பவன் கதையை மாற்ற முடியாது. சரயுவின் அழகில் திளைப்பது அவனுக்கு விருந்து. இந்த ஆட்டத்தில் எதிரே இருப்பவர்கள் கேட்க வந்தவர்களல்லர், செய்ய வந்தவர்கள். நாட்டு வருணனையை நீங்கள் படிக்கும்போது அவர்கள் கை பகடையைத் துழாவும். போகட்டும், நீங்கள் வடக்கே ஒரு பேரரசை இழைத்து இழைத்துச் செய்து வைத்திருந்தால், அவர்கள் தெற்கே போவார்கள். அப்போது செய்த வேலை வீணாகாமலிருக்க அவர்களை வடக்கே தள்ளப் பார்ப்பீர்கள். ஆட்டம் அந்த இடத்தில் செத்துவிடும்.

சரி, எதைத்தான் திட்டமிடுவது? மலைக்கணவாய் ஒன்றின் அடிவாரத்தில் ஒரு சுங்கச்சாவடி ஊர் என்று வைத்துக்கொள்வோம். மேலே பாழடைந்த கோட்டையில் எதுவோ குடியேறிவிட்டது. இரண்டு மாதமாக வணிகர்கள் வரவில்லை. சுங்க அதிகாரிக்குக் கணவாய் உடனே திறக்க வேண்டும், ஆனால் விஷயம் தலைநகருக்குத் தெரியக் கூடாது. சத்திரக்காரி கள்ளப்பாதையில் ஆள் கடத்திக் காசு பார்க்கிறாள். அவளுக்குக் கணவாய் திறக்கவே கூடாது. கோயில் பூசாரிக்குக் கோட்டைக்குள் இருக்கும் ஒரு பொருள் மேல் கண். யாரும் எதுவும் செய்யாவிட்டால் பத்து நாளில் ஊரில் தானியம் தீரும். இவ்வளவும் இருந்தால் வீரர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கதை உண்டு. அரசன் பெயர் யாராவது கேட்கும்போது வைத்துக்கொள்ளலாம். இடம் சிறிதாக இருந்தாலும் தகவலைக் கொட்டினால் கெட்டுப்போகும் என்பதற்குக் கைகாக்ஸே சாட்சி. 1979இல் அவர் எழுதிய ‘தி வில்லேஜ் ஆஃப் ஹாம்லெட்’ வீடு வீடாக யார் இருக்கிறார்கள், காசை எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லும். அவர்களில் எத்தனை பேருக்கு வீரர்களிடம் ஏதாவது வேண்டியிருக்கிறது என்று தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். 

முன்பே தீர்மானிக்காவிட்டால் முரண்பாடு வராதா என்பது அடுத்த ஆட்சேபம். வரும். ஆனால் வீரர்கள் காதில் விழாத வரலாற்றில் முரண் இருந்து யாருக்கு நஷ்டம்? சொன்னதைச் சொன்னபடி காப்பதுதான் முக்கியம். அன்றன்று வாயிலிருந்து வந்ததை ஆட்டம் முடிந்ததும் எழுதி வைத்தால் போதும். இன்னொரு வழியும் உண்டு: ‘செஷன் ஸீரோ’ என்று இப்போது பரவலாக அழைக்கப்படும் முன்கூட்டம். எல்லோரும் கூடி, எப்படிப்பட்ட கதை வேண்டும், எவை வேண்டாம், யார் யார் எந்தப் பாத்திரம் என்று பேசிக்கொள்வது. அங்கே ஒருவர், “நான் நாடுகடத்தப்பட்ட எல்ஃப்” என்றால், “யார் நாடுகடத்தினார்கள், ஏன்?” என்று அவரிடமே கேளுங்கள். மேற்கே ஓர் எல்ஃப் ராஜ்யம் அந்த நிமிடமே முளைத்துவிடும். நீங்கள் தனியாக எழுதிய எல்ஃப் வரலாற்றை அவர் மறந்துபோவார். தான் சொன்னதை மறக்கமாட்டார்.

சிற்றூரில் தொடங்கினால் சப்பென்று இருக்கும், சத்திரத்தில் சந்தித்து எலி பிடிக்கும் கதையாகிவிடும் என்ற புகாரிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் சிறிதாகத் தொடங்குவது வேறு, மெதுவாகத் தொடங்குவது வேறு. 2014இல் தொடக்கநிலைப் பெட்டியோடு வந்த ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்’ ஒரு சின்ன ஊரைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் ஊருக்குப் போகும் வழியிலேயே செத்த குதிரைகளும் புதருக்குள் காப்ளின்களும் காத்திருக்கும். உலகம் அழியப்போகிறது என்ற மிரட்டல் முதல் நாளில் யாரையும் அசைக்காது, அந்த உலகத்தில் அவர்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லையே. சத்திரக்காரியின் மகன் கோட்டையிலிருந்து திரும்பவில்லை என்றால் அசைவார்கள்.

கண்டங்களை வரைவது தனி இன்பம். அதை விடச் சொல்லவில்லை. ஆட்டம் ஓடத் தொடங்கிய பிறகு ஓய்வு நேரத்தில் தாராளமாக வரையலாம். இப்போதைக்கு ஓர் ஊரையும், அதில் ஒத்துப்போகாத மூன்று பேரையும் ஒரே தாளில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் நண்பர்களுக்கு ஃபோன் செய்து அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேரம் குறித்துவிடுங்கள்.