சேம அச்சும் உப்பு வண்டியும்

புறநானூற்றைக் கற்பிக்கும்போது, மாணவர் எளிதில் கடந்துபோகும் ஒரு சிறு செய்தியில் நாம் சற்று அதிகநேரம் நின்றுவிடுவதுண்டு. 102ஆம் பாடலில், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழவந்த ஔவையார், உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிவைத்திருக்கும் சேம அச்சை அவனுக்கு உவமையாக்குகிறார். எருதுகள் இளையவை, ஏற்றிய பாரமோ பெரிது, பள்ளமும் மேடும் எங்கே வரும் என்று அறிந்தவர் இல்லை. ஆகவே புறப்படும் முன்பே மாற்று அச்சு ஒன்று வண்டிக்கு அடியில் கட்டப்பட்டுவிடுகிறது. ஓர் அரசிளங்குமரனுக்கு உவமையாகும் தகுதி வண்டியின் அடிப்பகுதிக்கு இருந்தது என்பதே நமக்கு வியப்பு.

இன்று உமணர் இல்லை, உப்பு இருக்கிறது. தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து அதைச் சுமந்துவரும் லாரிகளும் டிராக்டர் டிரெய்லர்களும் இருக்கின்றன. அவற்றின் அடிப்பகுதியைக் குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

கல்லூரிக்குச் செல்லும் வழியில் ஒருநாள், உப்பு மூட்டைகளோடு ஒரு பக்கம் சாய்ந்து நின்ற டிரெய்லரைக் கண்டோம். சக்கரத்தின்மேல் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளுள் முதன்மையானது முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் பாதி பழைய துரு; பாதி அன்றுதான் முறிந்த வெள்ளை இரும்பு. வண்டி ஓட்டிவந்த முதியவர் கசப்போடு சிரித்தார். “உப்பு நனையக்கூடாதுன்னு தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுவாவ சார். அடியில இரும்பு நனையறத யாரும் கேக்க மாட்டாவ” என்றார்.

அந்த இரண்டு வரிகளில் முழு உண்மையும் இருந்தது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினாலே உப்பு அந்த ஈரத்தை ஈர்த்துத் தானே கரையத் தொடங்கும். கடற்கரை இரவுகள் இந்த அளவை எளிதில் எட்டுபவை. எனவே மழை பெய்யாவிட்டாலும், சட்டத்தின் மூலைகளிலும் பட்டைகளின் இடுக்குகளிலும் சிந்திய உப்பு, இரவுதோறும் உவர்நீராகி இரும்பைத் தின்கிறது. துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும்; ஆதலால் பட்டைகளுக்கு இடையே புகுந்து அவற்றை நெம்புகிறது. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அசைய வேண்டிய பட்டைகள் இறுகிப்போகின்றன. துரு அரித்த சிறு குழியிலிருந்து மயிரிழை போன்ற வெடிப்பு தொடங்கி, சாலைக் குழிகளில் வண்டி இறங்கி ஏறுந்தோறும் சிறிதுசிறிதாக வளர்கிறது. முறிவு ஒரு நொடியில் நிகழ்ந்தாலும், அதற்கான வேலை பல மாதங்கள் நடந்திருக்கும்.

முதன்மைப் பட்டை முறிந்தால் அச்சு தன் இடம்விட்டு விலகும். வண்டி ஒருபுறம் இழுக்கும். அதன் பின்னால் இரு சக்கர வண்டியில் வருபவருக்கு இந்த நுட்பங்கள் எவையும் தெரியா. இதனை நாம் வெறும் பழுதுச்செலவாகக் கருதாமைக்குக் காரணம் இதுவே.

தடுக்கும் வழிகள் அரியவை அல்ல. நாள்வேலை முடிந்ததும் அடிப்பகுதியை நன்னீரால் கழுவ வேண்டும். சட்டத்தில் உள்ள நீர்வடி துளைகள் அடைபடாமல் காக்க வேண்டும். துருவின்மேல் நேராகப் பெயிண்ட் பூசுவது புண்ணைத் துணியால் மறைப்பதற்கு ஒப்பாகும். துருவைச் சுரண்டி நீக்கி, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் பெயிண்ட் பூசுவதே முறை. பட்டைகளைக் கட்டும் யூ போல்ட்டுகளை அவ்வப்போது முறுக்கிப் பார்ப்பதும், அசையும் ஊசிகளுக்குக் கிரீஸ் வைப்பதும் சிறிது நேர வேலைகளே. பழைய என்ஜின் ஆயிலைப் பூசிவிடும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. அது ரப்பர் புஷ்களைக் கெடுப்பதோடு, சொட்டி மண்ணையும் பாழாக்கும்.

வடகிழக்குப் பருவமழையில் உப்பளங்கள் நீரில் மூழ்க, வண்டிகளும் ஓய்ந்து நிற்கும். ஓடாத வண்டிக்குக் கேடில்லை என்பது பெரும்பிழை. கழுவாமல் நிறுத்திய வண்டியைத் துரு அந்த மாதங்களில் ஓய்வின்றி அரிக்கும். கழுவி, உலர்த்தி, கிரீஸ் இட்டு, பாரம் இறக்கிக் கட்டைகளின்மேல் நிறுத்துவதே நல்லது.

‘குடிக்கவே நன்னீர் அரிதான ஊரில் வண்டி கழுவ நீர் ஏது?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆயினும் வண்டி முழுவதையும் கழுவ வேண்டியதில்லை. முதலில் துடைப்பத்தால் உலர்ந்த உப்பைத் தட்டிவிட்டுப் பின்னர் அச்சு, பட்டைகள், சட்டத்தின் மூலைகள் ஆகியவற்றை மட்டும் கழுவினால் சில குடம் நீரே போதும். அந்தச் சில குடங்களையும் அரைமணி நேரக் கூலியையும் தர வேண்டியவர் யார் என்பதே உண்மையான கேள்வி. ஓட்டுநருக்கு நடைக்கணக்கில் கூலி. கழுவும் நேரத்துக்குக் கூலி இல்லை. பட்டை முறிந்தால் மட்டும் பழி அவர்மேல் விழுகிறது. கழுவுதலும் வாடகையின் ஒரு பகுதியே என்று உரிமையாளர் கணக்கில் எழுதாதவரை, அறிவுரைகள் அனைத்தும் வீணே.

பாரத்தைப் பற்றியும் ஒரு சொல். வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகையும் அச்சையும் சேர்த்துப் பேசிய வள்ளுவரை நாம் மேடைகளில் மறப்பதில்லை, எடைமேடையில் மறந்துவிடுகிறோம். கூடுதல் பட்டை ஒன்றைச் செருகிவிட்டுக் கூடுதல் பாரம் ஏற்றுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அதனால் சுமை குறைவதில்லை. துருப்பிடித்த சட்டத்தின்மீது மாற்றி ஏற்றப்படுகிறது, அவ்வளவே.

உமணர் சேம அச்சைக் கட்டியது அச்சு முறியும் என்ற அச்சத்தால் மட்டுமன்று என்று எண்ணுகிறோம். வண்டியோடு நடப்பவரின் உயிரும் அந்த மரத்துண்டில் தங்கியிருக்கிறது என்ற தெளிவு அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். நம் சமையலறை உப்பு நம்மிடம் வந்து சேரும் வழியில் யாரோ ஒருவர் சாய்ந்த வண்டியருகே வெயிலில் நிற்கிறார். அவருக்கு ஒரு குடம் நன்னீர் கொடுக்க இயலாத நாம், ஔவையின் உவமையை வகுப்பில் வியந்து என்ன பயன்?