நீச்சல் குளத்தில் பச்சை போச்சு, கலங்கல் போகலையே ஏன்? குழந்தைகளை எப்போ இறக்கலாம்?

லீவு விட்டாச்சுன்னா காரைக்குடி பக்கம் கார்கள் வரிசை கட்டும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், நேமத்தான்பட்டி என்று செட்டிநாட்டு ஊர்களைச் சுற்றி, பெரிய வீட்டைப் பார்த்து, ஆத்தங்குடி கல் பதித்த தரையில் போட்டோ எடுத்து முடித்ததும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "ஸ்விம்மிங் பூல் இருக்கா?" இந்தப் பகுதியில் ஹோட்டலாக மாறிய பழைய வீடுகள் சிலவற்றில் இப்போது அதுவும் உண்டு.

எந்த ஊராக இருந்தாலும், ஆள் வராத மாதங்களில் கவனிக்காமல் விட்ட குளம் வெயிலில் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும். மருந்து போட்டால் ரெண்டு மூணு நாளில் பச்சை மறையும். ஆனால் தண்ணீர் அரிசி கழுவிய கழனி போல வெளுத்து நிற்கும். "அதான் பச்சை போயிடுச்சே, இறங்கலாமா?" என்று கேட்டால், ஒரே பதில்: கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

ஒலிம்பிக்கிலேயே நடந்த கதை

2016 ரியோ ஒலிம்பிக். ஆகஸ்ட் 9-ம் தேதி டைவிங் போட்டிக்கான குளம் திடீரென பச்சையாக மாறியது. அடுத்து, பக்கத்தில் இருந்த வாட்டர் போலோ குளமும் மாறியது. உலகமே டிவியில் பார்த்துச் சிரித்தது.

காரணம் பின்னர் தெரிந்தது. ஆகஸ்ட் 5-ம் தேதி சுமார் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடைக் குளங்களில் ஊற்றிவிட்டார்கள். அது குளோரினைச் செயலிழக்க வைக்கும். குளோரினின் காவல் போனதும் பாசி வளர வழி கிடைத்தது. கடைசியில், நீருக்கடியில் வீராங்கனைகளின் அசைவு தெளிவாகத் தெரிய வேண்டிய கலை நீச்சல் போட்டிக்காக, ஒரு குளத்தின் தண்ணீரையே வெளியேற்றி சுமார் 37 லட்சம் லிட்டர் புதிதாக நிரப்பினார்கள்.

பாசி ஏன் வருது?

வெயில், சூடான தண்ணீர், கொஞ்சம் சத்து. பாசிக்கு இவ்வளவு போதும். விழும் இலை, தூசி, உடம்பில் இருந்து கரையும் வியர்வை எல்லாம் அதற்குத் தீனி. இதைத் தடுத்து வைப்பது குளோரின் மட்டுமே. நம்ம ஊர் வெயிலில் பாதுகாப்பு இல்லாத குளோரினின் பெரும்பகுதி சில மணி நேரத்திலேயே சிதைந்துவிடும். அதனால்தான் சயனூரிக் அமிலம் என்ற நிலைப்படுத்தியைச் சேர்க்கிறார்கள். ஆனால் அது அளவுக்கு மீறினால், குளோரின் இருந்தும் வேகமாக வேலை செய்யாது. மாத்திரை வடிவக் குளோரினில் பெரும்பாலும் இந்த அமிலமும் சேர்ந்தே வரும். மாதக்கணக்கில் மாத்திரையே போட்டுவந்தால் அமிலம் தேங்கிவிடும். அப்போது கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதுதான் வழி.

பச்சை போன பிறகும் கலங்கல் ஏன்?

முதல் காரணம், செத்த பாசி. குளோரின் பாசியைக் கொல்லும், ஆனால் கரைத்து மறைய வைக்காது. நுண்ணிய துகள்களாக அது தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, சுண்ணாம்பு. ப்ளீச்சிங் பவுடரை அப்படியே அள்ளிப் போட்டால் அதில் கரையாத சுண்ணாம்பு தண்ணீரை வெளுக்கச் செய்யும். ஏற்கனவே கடினமான போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம்.

பலரும் தப்பு செய்யும் இடம் இதுதான். கலங்கலைப் பார்த்ததும் "இன்னும் கொஞ்சம் பவுடர் போடு" என்பார்கள். கலங்கல் கூடும். இனி வேலை மருந்துக்கு இல்லை, ஃபில்டருக்குத்தான்.

தெளிய வைப்பது எப்படி?

* முதலில் பி.எச் அளவைப் பார்க்க வேண்டும். 7.2 முதல் 7.8 வரை இருக்கலாம். 8-ஐத் தாண்டினால் குளோரினின் கிருமி கொல்லும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும்.
* சுவர், படிக்கட்டு, மூலை எல்லாம் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். ஒட்டியிருக்கும் பாசிக்குள் குளோரின் எளிதில் நுழையாது.
* குளோரினை வெயில் சாய்ந்த பிறகு போடுவது நல்லது. 1 லட்சம் லிட்டர் தண்ணீரில் 1 பி.பி.எம் குளோரின் என்றால் 100 கிராம் சுத்தமான குளோரின். பாசியைக் கொல்ல 10 பி.பி.எம் அல்லது அதற்கு மேல் தேவைப்படும்.
* ராத்திரி அளந்த குளோரின் காலையில் பெரிதாகக் குறைந்திருந்தால் பாசி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். குறையாமல் நிற்கும் வரை விடக் கூடாது.
* ஃபில்டர் இரவு பகலாக ஓட வேண்டும். அழுத்தமானி முள் ஏறினால் ஃபில்டரைப் பின்னோக்கிக் கழுவி விட வேண்டும்.
* அப்படியும் தெளியவில்லையா? படிகாரம் போன்ற படியவைக்கும் மருந்து போட்டு, பம்பை நிறுத்தி, ஒரு ராத்திரி அசையாமல் விட்டால் துகள்கள் அடியில் தங்கும். அந்த வண்டலை ஃபில்டர் வழியாக விடாமல் நேராக வெளியே உறிஞ்சித் தள்ள வேண்டும்.

கவனம்: குளோரினையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலந்தால் விஷ வாயு வரும். இரண்டு வகைக் குளோரினைக் கலந்தால் தீப்பிடிக்கவும் கூடும். எப்போதும் மருந்தைத்தான் தண்ணீரில் சேர்க்க வேண்டும், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

தெளிந்தால் போதுமா?

போதாது. நம் பாட்டிமார் பானையில் தேத்தாங்கொட்டையை உரசித் தண்ணீரைத் தெளிய வைப்பார்கள். படிகாரமும் அதே வேலையைத்தான் செய்கிறது. தூசு படியும். அதற்காகக் கிருமி எல்லாம் செத்துவிட்டதாக அர்த்தம் இல்லை.

2024-ல் கேரளாவில் 'மூளையைத் தின்னும் அமீபா' தொற்றால் குழந்தைகள் உயிரிழந்தது நினைவிருக்கலாம். நெக்லேரியா ஃபௌலேரி என்ற அந்த அமீபா சூடான நன்னீரில் வாழும், மூக்கு வழியாக உள்ளே போகும். குடித்தால் இந்த நோய் வராது. அதை அடக்க, குளத்தில் சரியான அளவு குளோரின் எப்போதும் இருக்க வேண்டும்.

கலங்கலில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது. அடியில் கிடந்தால் கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கும் தெரியாது. பத்தடி தூரத்தில் நிற்கும் அப்பாவுக்கே தெரியாது.

ஊருணிக்கும் இதே மருந்தா?

வேண்டவே வேண்டாம். ஊருணி உயிருள்ள நீர்நிலை. குளோரினோ மயில்துத்தமோ கொட்டினால் மீன்கள் சாகும். செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனையும் தின்றுவிடும். ஊருணியைக் காப்பது வரத்துக் கால்வாயைச் சுத்தமாக வைப்பதும், கழிவுநீர் கலக்காமல் பார்ப்பதும், தூர்வாருவதும்தான்.

இறங்கும் முன் 3 கேள்விகள்

1. ஆழமான பகுதியின் அடியில் இருக்கும் வடிகால் மூடி மேலே நின்று பார்த்தால் தெளிவாகத் தெரிகிறதா?
2. இன்றைக்கு குளோரின், பி.எச் எவ்வளவு? பொதுவாக குளோரின் 1 முதல் 3 பி.பி.எம் வரை இருக்க வேண்டும். பாசிக்காக அதிகம் போட்டிருந்தால் அது இறங்கும் வரை காத்திருக்க வேண்டும்.
3. அளந்ததை எழுதி வைத்த நோட்டு இருக்கிறதா?

"நேத்துதான் சார் மருந்து போட்டோம்" என்பது பதில் ஆகாது. எண்ணைக் கேளுங்கள். எண் இல்லை என்றால் அன்றைக்குப் பிள்ளைகள் கரையிலேயே இருக்கட்டும்.