'வெறுங் கற்பனை': ஒரு தவறான தீர்ப்பு

ஒரு கதையைத் தள்ளிவிடுவதற்குத் தமிழ் விமர்சனத்தில் 'வெறுங் கற்பனை' என்ற இரு சொற்களே போதுமானவையாக இருந்து வருகின்றன. அவற்றைக் கையாள்வோர் தீர்ப்பைக் கூறிவிட்டதாகவே கருதுகின்றனர். விசாரணை நடைபெற்றதா என்று எவரும் கேட்பதில்லை.

கற்பனை என்னுஞ் சொல் வடமொழிக் 'கல்பனா'விலிருந்து வந்தது. அமைத்தல், உருவாக்குதல் என்பன அதன் மூலப்பொருள். மேனாட்டார் வழங்கும் 'ஃபான்டசி'யின் மூலமான கிரேக்கச் சொல் தோன்றச் செய்தலைக் குறித்தது. பொய் என்ற பொருள் இரண்டின் வேரிலும் இல்லை. கண்ணாற் காணாததை மனத்தில் அமைக்கும் ஆற்றல் எல்லா இலக்கியத்துக்கும் பொதுவானது; எங்கும் வாழ்ந்திராத ஒரு விவசாயியைப் படைத்து அவனுக்குக் கடனையும் பிள்ளைகளையும் கொடுக்கின்ற யதார்த்தவாதியும் அவ்வாற்றலையே நம்பியிருக்கிறான். இயற்கை விதிக்கு முரணானதொன்றை வெளிப்படையாகவே அடித்தளமாகக் கொள்ளும் மிகைப்புனைவு என்பது ஒரு புனைகதை வகை. முன்னையது ஆற்றல், பின்னையது வடிவம். இரண்டையும் ஒரே சொல்லாற் சுட்டி, அச்சொல்லையே வசையாகவும் ஆக்கிவிட்ட பின் தெளிவான விமர்சனம் எங்ஙனம் பிறக்கும்?

மிகைப்புனைவு வாழ்க்கையிலிருந்து தப்பியோடுவது என்பதே இவ்வணியினரின் பிரதான குற்றச்சாட்டு. ஃபிரான்ஸ் காஃப்காவின் 'உருமாற்றம்' (1915) என்ற கதையை இக்குற்றச்சாட்டின் முன் நிறுத்திப் பார்க்கலாம். பயண விற்பனையாளனான கிரெகோர் சம்சா ஒருநாட் காலை பூச்சியாக விழித்தெழுகிறான். நடக்கவியலாத சம்பவம் இது ஒன்றே. அதற்குப் பிறகு அவன் கவலைப்படுவது தவறவிட்ட புகையிரதத்தைப் பற்றி. சிறிது நேரத்துக்குள் அலுவலகத் தலைமை எழுதுவினைஞர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். பெற்றோர் முதலாளிக்குப் பட்ட கடனை அடைக்கவே அவன் அந்த வேலையில் கிடந்தான் என்பது தெரியவருகிறது. உழைக்கும் வரை மகனாயிருந்தவன் உழைக்க முடியாதபோது தந்தை எறிந்த அப்பிளை முதுகிற் சுமந்தபடி சாகிறான். கூலி, கடன், குடும்பம் ஆகியவற்றின் உறவை இதைவிடத் துல்லியமாகக் கூறிய யதார்த்தக் கதைகள் எத்தனை? இதை எழுதியவர் பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் 1908 முதல் 1922 வரை கடமையாற்றியவர். இயந்திரத்தில் விரல் இழந்தவர்களின் கோவைகளைப் புரட்டிய கை அது. அந்தக் கையையா தப்பியோடிய கை என்பது?

ஜோர்ஜ் லூக்காச் போன்ற பெருஞ் சிந்தனையாளரே 1950களில் காஃப்காவையும் தோமஸ் மானையும் எதிரெதிரே நிறுத்தி மானின் பக்கம் நின்றார். ஆயின் 1963 இல் செக்கோஸ்லோவாக்கியாவின் லிப்லிட்சே என்ற இடத்தில் மார்க்சிய அறிஞர்களே மாநாடு கூடிக் காஃப்காவை மீள மதிப்பிட முன்வந்தனர். லூக்காச்சின் பெயரை அடிக்கடி உச்சரிப்போர் லிப்லிட்சேயை நினைவுகூர்வது அரிது.

தமிழிலும் சான்று இல்லாமலில்லை. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையிற் கடவுள் சென்னைக்கு வந்து காப்பி குடிக்கிறார். வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராகவும் ஆக்கப்படுகிறார். அவரது நடனத்துக்கே நகரத்துக் கலாரசிகரிடம் மதிப்புக் கிடைப்பதில்லை. அந்நகரின் போலித்தனத்தை அளப்பதற்குக் கடவுளைவிடக் குறைந்த அளவுகோல் போதாது என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

மாயக் கம்பளமும் மந்திரவாளும் நிறைந்த கதைகளில் பெரும்பாலானவை குப்பை என்பது மெய்யே. அக்குற்றம் வகையினுடையதன்று. சேரிக் குடிசையும் செங்கொடியும் வந்துவிட்டால் யதார்த்தம் ஆகிவிடுமென்று எழுதப்பட்ட கதைகளும் அதேயளவு குப்பையே. அவற்றிற் பேசும் தொழிலாளி எந்தத் தொழிற்சாலையிலும் வேலை செய்தவனல்லன். மலிவான மாயக்கதையில் ஒவ்வொரு இடர்ப்பாட்டுக்கும் ஒரு புதிய மந்திரம் வந்துவிடுகிறது. எதற்கும் விலை கொடுக்க வேண்டியதில்லை. காஃப்கா ஒரே ஒரு அற்புதத்தை மட்டும் கேட்டுப் பெற்றுக்கொண்டு, மற்றெல்லாவற்றுக்கும் உலகத்தின் கணக்குப்படியே விலை செலுத்துகிறார். விமர்சகர் சோதிக்க வேண்டியது இந்தக் கணக்கை.

அக்கதை நூலாக வெளிவரவிருந்தபோது, பூச்சியை அட்டையில் வரையவே வேண்டாம் என்று காஃப்கா பதிப்பகத்தாருக்குக் கடிதம் எழுதினார். முதற்பதிப்பின் அட்டையிற் காணப்படுவது, திறந்த கதவொன்றிலிருந்து விலகி, முகத்தைக் கைகளாற் பொத்திக்கொண்டு நிற்கும் ஒரு மனிதனின் உருவம்.