காட்டாமணக்கு போட்டுக் கெட்டவன் எழுதுகிறேன்

சென்ற வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். நான்கு ஏக்கர், ஒரு கிணறு, ஆறு மாடு. "சார், எரிவாயு ஆலைக்கு நேப்பியர் புல் வாங்கிக்கிறோம்னு ஒரு கம்பெனிக்காரங்க வந்தாங்க. நாலு ஏக்கரும் போட்டுடலாமா?" என்று கேட்டான்.

நேப்பியர் நமக்குப் புதிதல்ல. கோவை வேளாண் பல்கலைக்கழகம் தந்த கோ 4, கோ 5 ரகங்களை மாட்டுக்காகப் பலரும் வளர்க்கிறோம். ஒருமுறை கரணை ஊன்றினால் முதல் அறுப்பு 75 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. சில வருடங்களுக்கு மறுநடவு வேண்டாம். இதைத் துண்டாக்கி, காற்றுப் புகாத தொட்டியில் புளிக்க வைத்தால் சாண எரிவாயு போலவே மீத்தேன் வரும். சுத்தம் செய்து அழுத்தினால் வண்டி ஓட்டலாம். அறிவியலில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் நான் 2006இல் இரண்டு ஏக்கர் காட்டாமணக்கு போட்டவன். அன்று டீசலுக்கு மாற்று என்று ஊரெல்லாம் அதே பேச்சு. "தரிசில் வளரும், தண்ணீரே வேண்டாம்" என்றார்கள். செடி வளர்ந்தது, காய்தான் இல்லை. மூன்றாம் வருடம் கொட்டை வாங்க வரவேண்டியவர் போனையே எடுக்கவில்லை. ஜேசிபி வைத்துப் பிடுங்கினேன். வாத்தியார் சம்பளம் இருந்ததால் தப்பித்தேன். இவனுக்கு அது கிடையாது.

2018இல் மத்திய அரசு கொண்டுவந்த 'சதத்' திட்டத்தில், ஆலை தயாரிக்கும் வாயுவை எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது. ஆலைக்குப் புல் கொடுப்பவனுக்கு என்ன ஏற்பாடு? அந்த உறுதியை அவனுக்கும் எழுத்தில் கொடுத்துவிட்டு அப்புறம் புல் கேட்கட்டும் என்பதே என் கருத்து.

நேப்பியருக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். கோடையில் அவன் கிணறு எவ்வளவு நேரம் ஓடும் என்று எனக்குத் தெரியும். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். லாரி வாடகை அதற்கும் சேர்த்துத்தான். அறுப்புக் கூலி வேறு.

"ஒரு ஏக்கர் மட்டும் போடுப்பா. அவங்க வரலைன்னா உன் மாடு தின்னும். காட்டாமணக்கை ஆடுகூடத் தொடாது" என்றேன். சிரித்துக்கொண்டே போனான். விலை, அறுப்புக் கூலி, வண்டி வாடகை மூன்றையும் பத்திரத்தில் எழுதித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறானாம். இன்னும் பதில் வரவில்லை. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.