டிரான்ஸ்மிட்டர் பேட்டரியும் பேட்டரிதாங்க!

ஆர்.சி. விமானம் விடுற ரெண்டு பேர் சந்திச்சா பேச்சு எங்கே போகும்னு தெரியும்ல? எத்தனை செல் லிப்போ, எத்தனை நிமிஷம் பறக்குது, என்ன மோட்டார்... கையில பிடிச்சிருக்கிற டிரான்ஸ்மிட்டருக்குள்ள என்ன பேட்டரின்னு கேட்டுப் பாருங்க. "ஏதோ நாலு பென்டார்ச் செல் கிடக்குப்பா" என்பார்கள். எனக்குக் கடுப்பு இங்கேதான்.

விமானத்து பேட்டரி இறங்கினால், மோட்டாரை ஓட்டுற இஎஸ்சி பெரும்பாலும் மோட்டாரை மட்டும் நிறுத்திட்டு ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கும். மிதக்க விட்டு இறக்கிடலாம். கையில இருக்கிறது செத்தால்? மூக்கில் சுத்துற கத்தியோட ஒரு கிலோ சாமான் யார் பேச்சும் கேட்காம வானத்துல இருக்கும். கீழே ஆட்கள் இருப்பாங்க சாமி!

நீட்டி இழுக்கிற ஆன்டெனா வெச்ச 72 மெகாஹெர்ட்ஸ் செட்டுல இந்தப் பயம் இருந்தது. 8 நிக்கல்-காட்மியம் செல், 9.6 வோல்ட், 600 எம்ஏஎச். 200 மில்லியாம்ப் குடிச்சா மூணு மணி நேரம், அவ்வளவுதான். முந்தின ராத்திரியே சார்ஜ் போட்டுடுவாங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்ததும் "இது கரண்டே குடிக்காது"ன்னு ஒரு நினைப்பு வந்துடுச்சு.

பாதிதான் உண்மை. 2020-ல் வந்த ரேடியோமாஸ்டர் டிஎக்ஸ்16எஸ்-ஐ எடுத்துக்குங்க. கம்பெனிக் கணக்குப்படி 400 மில்லியாம்ப் குடிக்கும். 7.4 வோல்ட்டால பெருக்கினா கிட்டத்தட்ட 3 வாட். ஐரோப்பாவில் 2.4-க்கு அனுமதிக்கிற அளவு 100 மில்லிவாட், அதாவது 0.1 வாட்! மீதி எங்கே போச்சு? கலர் திரை, அதன் பின்விளக்கு, ப்ராசசர், பேசுற ஸ்பீக்கர். சிக்கனம் பண்ணணும்னா திரை வெளிச்சத்துல கை வைங்க, சிக்னல்ல வைக்காதீங்க. (எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் மாட்யூலை 1 வாட்டில் ஓட்டுறவங்க கணக்கு வேற. அங்கே மாட்யூலே பெருந்தீனிக்காரன். டைனமிக் பவரைப் போட்டு வைங்க, தேவைப்படும்போது மட்டும் ஏறும்.)

இதைவிட மோசமானது அலாரத்தை நம்புறது. ஃப்ளைஸ்கை ஐ6-ல் நாலு செல்; 4.2 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் கத்தும். செல்லுக்கு 1.05. ஆல்கலைன் 1.5-ல் ஆரம்பிச்சு மெதுவா, படிக்கட்டு இறங்குற மாதிரி இறங்கும். அலாரம் கேட்டதும் நிதானமா இறக்கலாம். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு அப்படியில்லை. 1.2-லேயே அசையாம உட்கார்ந்திருந்துட்டு, கடைசியில கிணத்துல விழுந்த மாதிரி விழும். அது கத்தும்போது மிச்சம் கொஞ்ச நேரம்தான். திரையில தெரியுற பேட்டரிப் படம் காட்டுறது வோல்ட்டேஜை, எவ்வளவு மிச்சம்னு அதுக்கே தெரியாது :-)

கடைக்காரர் "எம்ஏஎச் பெருசு சார்"னு தள்ளுற செல்லும் வேண்டாம். சாதாரண ஹைட்ரைடு செல் சும்மா கிடந்தாலே மாசத்துல கணிசமா காலியாகும். சான்யோ 2005-ல் கொண்டுவந்த எனிலூப் ரகம் எம்ஏஎச்-ல் சின்னதா தெரிஞ்சாலும், வருஷம் முழுக்கக் கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே இருக்கும். ஞாயித்துக்கிழமை விமானிகளுக்கு அதுதான் சரி.

நான் நம்புறது கடிகாரத்தை. 2000 எம்ஏஎச், 400 மில்லியாம்ப்னா அஞ்சு மணி நேரம். அதுல பாதி ஓடினதும் சார்ஜ் போட்டுடுவேன். எட்ஜ்டிஎக்ஸ் போட்ட செட்டில் அலாரத்தை நாமே வைக்கலாம். ரெண்டு செல் லித்தியம்-அயனுக்கு நான் வெச்சிருக்கிறது 7 வோல்ட். பயந்தாங்கொள்ளின்னு சொல்லிக்குங்க, பரவாயில்லை.

அப்புறம் ஃபெயில்சேஃப். சிக்னல் போனால் த்ராட்டில் பூஜ்யத்துக்குப் போகணும்னு செட் பண்ணிட்டீங்களா? ப்ரொப்பெல்லரைக் கழட்டிட்டு, மோட்டார் ஓடும்போதே டிரான்ஸ்மிட்டரை அணைச்சுப் பாருங்க. மோட்டார் நிக்கலைன்னா அன்னிக்கு மைதானத்துக்குப் போக வேண்டாம்.